இரண்டு கணினிப் பாட்டுகளை ஒன்றாக்குவது: ஒரே பாட்டு இரண்டு முறை வராமல் சேர்க்க முழு வழிகாட்டி

பழைய டெஸ்க்டாப்பில் ஒரு பாட்டுக் குவியல், லேப்டாப்பில் இன்னொன்று. இரண்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டிவிட்டு, மிச்சத்தை ஆப்பிளின் பாட்டு மென்பொருளான ஐடியூன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று விட்டால், மறுநாளிலிருந்து பாதிப் பாட்டுகள் இரண்டு தடவை ஓடும். அது கண்ணுக்குத் தெரிகிற நஷ்டம். சில பாட்டுகள் சத்தமில்லாமல் அழிந்தும் போயிருக்கும், அது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

இந்த வேலையில் கஷ்டமான படி என்று எதுவும் கிடையாது. வரிசை மாறினால்தான் சிக்கல். கீழே உள்ளவை விண்டோஸ், ஐடியூன்ஸ் இரண்டையும் வைத்துச் சொல்லப்பட்டவை. மேக்கில் 2019இல் வந்த கேட்டலினாவிலிருந்து ஐடியூன்ஸுக்குப் பதில் மியூசிக் ஆப் இருக்கிறது. மெனுக்கள் கொஞ்சம் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். வேறு பிளேயர் வைத்திருப்பவர்களுக்கும் இதே வரிசைதான்.

1. கையில் இருக்க வேண்டியவை

வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று. இரண்டு கணினிப் பாட்டுகளின் மொத்த அளவைப்போல் இரண்டு மடங்கு காலி இடம் வேண்டும். 128 கேபிபிஎஸ் (பிட்ரேட், அதாவது ஒலி வினாடிக்கு எத்தனை கிலோபிட் என்ற அளவு) எம்பி3 நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி பிடிக்கும். 320 என்றால் 2.4 எம்பி. ஆக, 5 நிமிடப் பாட்டு ஒன்று 4.8 எம்பியாகவும் இருக்கலாம், 12 எம்பியாகவும் இருக்கலாம். ஒரு கணினி மேக் என்றால் டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். விண்டோஸின் வழக்கமான என்டிஎஃப்எஸ் முறையில் உள்ள டிஸ்க்கை மேக் படிக்கும், ஆனால் தானாக எழுதாது.

மென்பொருள் மூன்று: டூப்குரு (இரட்டைகளைக் கண்டுபிடிக்க), எம்பி3டேக் (பாட்டு விவரங்களைத் திருத்த), ஸ்பெக் (ஒலித்தரம் பார்க்க). விண்டோஸில் மூன்றுமே இலவசம்.

கூடவே ஒரு தாள், பேனா. ஒவ்வொரு படியிலும் எத்தனை கோப்பு இருந்தது, எத்தனை போனது என்று எழுதிக்கொண்டே வர வேண்டும். இதைத் தவிர்த்தவர்கள்தான் கடைசியில் கணக்கு உதைத்து முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

2. எது தாய், எது வரவு?

ஒரு தொகுப்பைத் தாயாக வைத்து, மற்றதை அதற்குள் வரவு வைக்க வேண்டும். இரண்டையும் சமமாகப் பாவித்து மூன்றாவதாகப் புதிது ஒன்றை உருவாக்கினால் பிளேலிஸ்ட், நட்சத்திர மதிப்பு, எத்தனை முறை கேட்டது என்ற எண்ணிக்கை எல்லாம் போய்விடும்.

பாட்டு அதிகம் உள்ள கணினியைத் தாயாக எடுப்பதுதான் வழக்கமான தவறு. பிளேலிஸ்ட்டும் நட்சத்திரமும் அதிகம் உள்ள கணினியை எடுங்கள். ஐடியூன்ஸ் அவற்றைப் பாட்டுக் கோப்புக்குள் எழுதுவதில்லை, தன் லைப்ரரிக் கோப்பில் வைத்திருக்கிறது. பாட்டைக் காப்பி செய்தால் பாட்டு மட்டும்தான் வரும், நட்சத்திரம் வராது.

வரவுக் கணினியிலும் நட்சத்திரம் கொடுத்து வைத்திருந்தால் ஒரு குறுக்குவழி உண்டு. 5 நட்சத்திரப் பாட்டுகளுக்கு ஒரு ஸ்மார்ட் பிளேலிஸ்ட் (நிபந்தனைக்குப் பொருந்துபவை தானாகச் சேரும் பட்டியல்), 4க்கு ஒன்று என்று போட்டு, 'எக்ஸ்போர்ட் பிளேலிஸ்ட்' மூலம் வெளியே எடுத்து வையுங்கள். மற்ற பிளேலிஸ்ட்களையும் அப்படியே. வகை கேட்கும்போது எம்3யூ8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் எம்3யூ தமிழ்ப் பெயர்களைக் கேள்விக்குறிகளாக்கிவிடலாம். எம்3யூ8 யூனிகோடில் எழுதப்படுவது.

3. சிதறிக் கிடப்பதைத் திரட்டுங்கள்

வரவுக் கணினியில் பாட்டு ஒரே இடத்தில் இருக்கும் என்று நம்பாதீர்கள். டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், பென்டிரைவிலிருந்து இழுத்துப் போட்ட 'நியூ ஃபோல்டர்' என்று பரவிக் கிடக்கும். ஐடியூன்ஸில் ஃபைல், லைப்ரரி, ஆர்கனைஸ் லைப்ரரி என்று போய் 'கன்சாலிடேட் ஃபைல்ஸ்' கொடுத்தால், லைப்ரரியில் உள்ள எல்லாம் ஐடியூன்ஸ் மீடியா ஃபோல்டருக்கு வந்துவிடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அது கோப்புகளை நகர்த்தாது, காப்பிதான் எடுக்கும். டவுன்லோட்ஸில் ஒன்று, மீடியா ஃபோல்டரில் ஒன்று என்று ஒரே கணினியிலேயே பாட்டு இரட்டிப்பாவது இதனால்தான். மீடியா ஃபோல்டரை எடுத்த பிறகு, கணினி முழுவதும் எம்பி3, எம்4ஏ, ஃப்ளாக், டபிள்யூஎம்ஏ என்று தேடி, லைப்ரரிக்குள் வராமலே கிடப்பவற்றையும் தனி ஃபோல்டரில் சேருங்கள். அவற்றில் பாதி இரட்டையாக இருந்தாலும் கவலையில்லை, 5ஆம் படி சல்லடை பார்த்துக்கொள்ளும்.

எம்4பி (.m4p) என்று முடியும் கோப்புகளை விட்டுவிடுங்கள். ஆப்பிள் மியூசிக் சந்தாவில் இறக்கியவை அப்படி இருக்கும். சந்தா உள்ளவரைதான் அவை ஓடும். தாய்க் கணினியில் அதே கணக்கில் நுழைந்தால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

4. காப்பி: கலக்காமல், பக்கத்தில்

முதலில் தாய்த் தொகுப்பை, லைப்ரரிக் கோப்பு இருக்கும் ஐடியூன்ஸ் ஃபோல்டரோடு, வெளி டிஸ்க்கில் 'தாய் பாதுகாப்பு' என்ற பெயரில் காப்பி எடுங்கள். வரவுக்கும் அப்படியே 'வரவு பாதுகாப்பு'. இந்த இரண்டையும் வேலை முடியும்வரை தொடவே கூடாது.

பிறகு வரவின் இன்னொரு காப்பியைத் தாய்க் கணினியில் 'வரவு' என்ற புது ஃபோல்டரில் இறக்குங்கள். தாயின் மியூசிக் ஃபோல்டருக்குள் இறக்காதீர்கள். நேராக உள்ளே இறக்கினால் ஒரே பெயர் வரும்போது விண்டோஸ் 'ரீபிளேஸா, ஸ்கிப்பா' என்று கேட்கும். பெயர் ஒன்றுதானே என்று எதையோ அழுத்திவிடுவோம். இணையம் இல்லாத நேரத்தில் சிடியிலிருந்து எடுத்த பாட்டுகளை நினைத்துப் பாருங்கள்: 'அன்னோன் ஆர்ட்டிஸ்ட்', 'அன்னோன் ஆல்பம்', '01 டிராக் 1'. டெஸ்க்டாப்பில் அது ஒரு நாதஸ்வரக் கச்சேரி, லேப்டாப்பில் அதே பெயரில் ஒரு படப்பாட்டு. ரீபிளேஸ் என்றால் நாதஸ்வரம் அழியும், ஸ்கிப் என்றால் படப்பாட்டு வராது. இரண்டுமே சத்தமில்லாமல் நடக்கும்.

இப்போது தாளில் முதல் வரி. உதாரணத்துக்கு: தாய் 6,200, வரவு 4,100, மொத்தம் 10,300.

5. முதல் சல்லடை: எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பவை

டேக், அதாவது பாட்டு விவரங்களை, திருத்துவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். வழிகாட்டியின் உயிர்நாடியே இந்த ஒரு வரிசைதான். பாட்டின் பெயர், பாடகர், அட்டைப்படம் எல்லாம் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு பக்கத்துப் பாட்டுக்கு அட்டைப்படம் சேர்த்துவிட்டால் போதும், அது வேறு கோப்பாகிவிடும். அதுவரை நூறு சதவீதம் நிச்சயமாக, கண்ணை மூடிக்கொண்டு தள்ளியிருக்கக்கூடிய இரட்டையை இனி நீங்கள்தான் காதால் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும்.

டூப்குருவில் தாய், வரவு இரண்டு ஃபோல்டரையும் சேர்த்து, தாயின் நிலையை 'ரெஃபரன்ஸ்' என்று மாற்றுங்கள், வரவு 'நார்மல்'. ரெஃபரன்ஸில் உள்ளதை அது அழிக்க விடாது. ஸ்கேன் வகை 'கன்டென்ட்ஸ்'. பெயர் எதுவானாலும் உள்ளடக்கம் அப்படியே ஒத்துப்போனால் மட்டும் காட்டும்.

வந்ததை நீக்க வேண்டாம். 'மூவ் மார்க்டு' கொடுத்து 'கழிவு' என்ற ஃபோல்டருக்கு நகர்த்துங்கள், பழைய ஃபோல்டர் அமைப்பும் கூட வரும்படி. எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் தவறைத் திருப்ப முடியும்.

தாய்க்குள்ளேயே இருக்கும் இரட்டைகளை இது காட்டாது, ஏனென்றால் ரெஃபரன்ஸ் கோப்புகளை ஒன்றோடொன்று அது ஒப்பிட்டுச் சொல்லாது. அவற்றை ஐடியூன்ஸுக்குள்ளிருந்தே எடுக்க வேண்டும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஃபைல், லைப்ரரி என்று போனால் 'ஷோ எக்ஸாக்ட் டூப்ளிகேட் ஐட்டம்ஸ்' வரும். ஷிஃப்ட் இல்லாமல் வருவது வெறும் தலைப்பையும் பாடகரையும் பார்க்கிற தளர்வான பட்டியல்.

அந்தப் பட்டியலில் வைத்துக்கொள்ள வேண்டியதும் சேர்ந்தே நிற்கும். எல்லாவற்றையும் செலக்ட் செய்து டெலிட் அழுத்தினால் இரட்டையோடு மூலமும் போய்விடும். புதியவர்கள் அதிகம் விழுகிற குழி இது. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை மட்டும், கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு தேர்ந்தெடுங்கள். பிளேலிஸ்ட்டில் இருப்பதை விட்டுவிட்டு மற்றதை நீக்குங்கள்.

தாளில்: வரவிலிருந்து 1,850 கழிவுக்கு. வரவில் மிச்சம் 2,250. தாயில் எதுவும் நீக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம், நீக்கியிருந்தால் அதையும் எழுதிக் கழிக்க வேண்டும்.

6. டேக் துப்புரவு

மிச்சமுள்ளவற்றில் ஒரே பாட்டு வேறு வேறு உருவில் இருக்கும். அவற்றைப் பொருத்திப் பார்க்க டேக் ஒழுங்காக இருக்க வேண்டும். தமிழ்ப் பாட்டுகளின் டேக்கில் எங்கே கோளாறு வரும் என்பது ஏறக்குறைய முன்கூட்டியே தெரிந்த சங்கதி.

முதலில் எம்பி3டேக் அமைப்பில் எம்பி3க்கு எழுதும் முறையை 'ஐடி3 2.3, யூடிஎஃப்-16' என்று வையுங்கள். பழைய கார் பிளேயர்கள் பல 2.4 வடிவ டேக்கைப் படிப்பதில்லை. அதே பட்டியலில் உள்ள 'ஐஎஸ்ஓ-8859-1' தமிழுக்கு ஆகாது. தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகும், சேமித்த பிறகு மீட்க வழியில்லை.

ஆங்கில எழுத்தில் உள்ள பெயர்கள் அடுத்து. இளையராஜா ஒருவர்தான், ஆனால் ஒரு எல், இரண்டு எல், கடைசியில் ஒரு ஏ, இரண்டு ஏ என்று நாலைந்து ஆட்களாக நிற்பார். ஏ.ஆர். ரஹ்மானின் இனிஷியலில் புள்ளியும் இடைவெளியும் மாறி மாறி வரும். வரிசைப்படுத்தி, ஒருவருக்குரியதை எல்லாம் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, ஒரே தடவை தட்டெழுதிச் சேமியுங்கள்.

தமிழில் உள்ள பெயர்களில் இன்னும் நுணுக்கமான தொல்லை உண்டு. 'கௌரி' என்பதை 'கெளரி' என்று, ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்து அடித்திருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு வேறு சொல். மேக்கிலிருந்து வந்த கோப்பாக இருந்தால் இன்னொன்று: பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு கோப்புப் பெயரைப் பிரித்து எழுதும். 'கொ' என்பதில் உள்ள உயிர்க்குறி, ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு துண்டாகியிருக்கும். திரையில் இரண்டும் 'கொ'தான். ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் காரணம் இதுதான். தேடிக்கொண்டிருக்காமல், எல்லாவற்றையும் செலக்ட் செய்து பெயரைப் புதிதாக ஒரே முறை தட்டெழுதுவதே சுருக்கமான வைத்தியம்.

ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். படப்பாட்டுக்கு அதில் இசையமைப்பாளர் பெயரைப் போடுங்கள். 6 பாட்டுள்ள படத்தில் 6 ஜோடிப் பாடகர்கள் இருப்பார்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் ஐடியூன்ஸ் பாடகர் பெயரை வைத்து அடுக்கும், ஒரே படம் 6 ஃபோல்டராகச் சிதறும்.

ஆல்பம் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும் இணையதள முகவரிகளையும் இப்போதே துடைத்துவிடுங்கள்.

தாய்க் கோப்புகளில் ஒரு கட்டுப்பாடு. டேக்கை எம்பி3டேக்கில் மாற்றலாம், கோப்புப் பெயரையும் இடத்தையும் வெளியிலிருந்து மாற்றக்கூடாது. மாற்றினால் ஐடியூன்ஸில் அந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி விழும்.

7. இரண்டாம் சல்லடை: ஒரே பாட்டு, வேறு கோப்பு

டூப்குருவை மியூசிக் பயன்முறைக்கு மாற்றி, ஸ்கேன் வகை 'டேக்ஸ்', அதில் டைட்டில் மட்டும் டிக். ஆல்பத்தைச் சேர்க்காதீர்கள். படத்தின் ஆல்பத்திலும், பிறகு வந்த 'ஹிட்ஸ்' தொகுப்பிலும் இருக்கிற ஒரே பாட்டு அதனால் தப்பிவிடும். ஃபில்டர் ஹார்ட்னெஸை (எவ்வளவு நெருக்கமாகப் பொருந்த வேண்டும் என்ற அளவை) முதலில் 95இல் வைத்து ஓட்டுங்கள், பிறகு 80. எடுத்தவுடன் 80 வைத்தால் பொய்ப் பொருத்தங்கள் குவிந்து, பாதியிலேயே கவனம் போய்விடும்.

இந்த முறை தாயை ரெஃபரன்ஸ் ஆக்காதீர்கள். இரண்டும் நார்மல். தாயில் 128 கேபிபிஎஸ், வரவில் 320 என்றால், ரெஃபரன்ஸ் போட்டிருக்கும்போது தரமானதைத்தான் கழிக்கச் சொல்லும். ஸ்கேன் முடிந்ததும் 'ரீ-பிரயாரிட்டைஸ்' போய் பிட்ரேட் அதிகம் உள்ளது மேலே வரும்படி அமையுங்கள். 'டெல்டா வேல்யூஸ்' போட்டால் நீள வித்தியாசம் வினாடியில் தெரியும்.

தலைப்பு தமிழ் எழுத்தில் உள்ளவற்றை இதை நம்பி விட வேண்டாம். எம்பி3டேக்கில் இரண்டு ஃபோல்டரையும் திறந்து, தலைப்பு வாரியாக அடுக்கி, நீளம், பிட்ரேட், இடம் மூன்று பத்திகளையும் பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஓட்டுங்கள். ஆயிரம் பாட்டு ஒரு மாலை வேலை.

8. எது இரட்டை, எது இல்லை

மென்பொருள் உதவாத இடம் இது. நீள வித்தியாசம் 2, 3 வினாடி என்றால் பெரும்பாலும் முன்னும் பின்னும் உள்ள மௌனம்தான், ஒரே பாட்டு. 10 வினாடிக்கு மேல் என்றால் கேட்காமல் கழிக்காதீர்கள்.

படப்பாட்டில் ஆண் குரல், பெண் குரல், சோக வடிவம் என்று ஒரே தலைப்பில் மூன்று இருக்கும். பழைய பாட்டுகளில் இன்னொரு நுட்பம்: 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிடம்தான் இடம். அதனால் தட்டுக்காகச் சுருக்கிய வடிவமும், படத்திலிருந்து எடுத்த நீண்ட வடிவமும் தனித்தனி. ஒரு சரணம் முழுசாக இல்லாமல் இருக்கலாம்.

கர்நாடக சங்கீதத்தில் தலைப்புப் பொருத்தத்தை அறவே நம்பக்கூடாது. ஒரே ஹம்ஸத்வனி கீர்த்தனை பத்துக் கச்சேரிகளில், பத்து வித்வான்கள் குரலில் இருக்கும். ஒரே வித்வானே இரண்டு வருஷத்தில் இரண்டு விதமாக ஸ்வரம் பாடியிருப்பார். அந்த ஃபோல்டரை டூப்குருவில் 'எக்ஸ்க்ளூடட்' ஆக்கிவிட்டு, முதல் சல்லடையோடு நிறுத்திக்கொள்வதே உத்தமம். நாலு இரட்டை மிஞ்சினால் மிஞ்சட்டும்.

அடுத்து, 320 என்று எழுதியிருப்பதாலேயே அது தரமானது ஆகிவிடாது. 128ஐ எடுத்து 320 ஆக மறுபடி மாற்றினால் அளவுதான் வீங்கும், போன ஒலி திரும்பி வராது. சந்தேகம் வந்தால் ஸ்பெக்கில் இழுத்துப் போடுங்கள், ஒலி படமாக விரியும். 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் அரிவாளால் வெட்டியதுபோல் மேலே எல்லாம் கறுப்பாக இருந்தால் அது 128 வழி வந்தது. உண்மையான 320 ஏறக்குறைய 20 வரை போகும். ஆனால் 1950களின் பாட்டுக்கு இந்த அளவுகோல் செல்லாது. மூலப் பதிவிலேயே உச்ச ஒலி கிடையாது. அங்கே வெட்டு இருக்காது, மேலே போகப் போக மங்கும். இப்படி இருக்கிற ஜோடியில் இரைச்சல் குறைவானதைக் காதால் கேட்டு எடுங்கள்.

9. தரமானது வரவில் இருந்தால்: ஆள் மாற்று

தாயில் உள்ள 128ஐ ஐடியூன்ஸில் நீக்கிவிட்டு 320ஐப் புதிதாகச் சேர்த்தால், நட்சத்திரமும் பிளேலிஸ்ட் இடமும் போகும். அதற்குப் பதில் ஐடியூன்ஸை மூடுங்கள். தாய்க் கோப்பின் பெயரை அப்படியே, '03' என்ற எண் முதல் கடைசிப் புள்ளிவரை, வரவுக் கோப்புக்கு வையுங்கள். தாய்க் கோப்பைக் கழிவுக்கு நகர்த்தி, அதே இடத்தில் புதியதை வையுங்கள். ஐடியூன்ஸ் இடத்தையும் பெயரையும் பார்த்துத்தான் பாட்டைத் தேடுகிறது, ஆகவே பழைய நட்சத்திரத்தோடு புதுக் கோப்பை ஓட்டும். பிறகு அந்தப் பாட்டில் 'கெட் இன்ஃபோ' திறந்தால் புது விவரத்தைப் படித்துக்கொள்ளும்.

இரண்டும் ஒரே வகைக் கோப்பு என்றால்தான் இது நடக்கும். எம்பி3க்குப் பதில் எம்4ஏ வந்தால் கோப்பின் வால் மாறுகிறது. அதற்குப் புதிதாகச் சேர்த்து, நட்சத்திரத்தைக் கையால் போடுவதைத் தவிர வழியில்லை. ஃப்ளாக்கை ஐடியூன்ஸ் ஏற்காது. முதலில் ஆப்பிள் லாஸ்லெஸ் ஆக மாற்றிக்கொள்ளுங்கள், ஒலி இழப்பு இருக்காது.

10. சேர்ப்பு

ஐடியூன்ஸில் எடிட், பிரிஃபரன்ஸஸ், அட்வான்ஸ்டு பக்கத்தில் 'காப்பி ஃபைல்ஸ் டு ஐடியூன்ஸ் மீடியா ஃபோல்டர்' டிக் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் பாட்டு வரவு ஃபோல்டரிலேயே கிடக்கும். ஒரு நாள் அந்த ஃபோல்டரை நீக்கும்போது எல்லாம் போகும்.

வரவு ஃபோல்டரை மொத்தமாக இழுத்துப் போடாமல், முதலில் ஒரு படத்தை மட்டும் சேர்த்துப் பாருங்கள். ஒரே ஆல்பமாக வந்ததா, தமிழ் எழுத்து சரியா, அட்டைப்படம் உண்டா என்று பார்த்துவிட்டு மிச்சத்தைச் சேருங்கள். சேர்த்தபின் மீடியா ஃபோல்டரில், பெயரின் கடைசியில் ' 1' என்று முடியும் கோப்புகளைத் தேடுங்கள். அதே இடத்தில் அதே பெயர் ஏற்கெனவே இருந்தால் ஐடியூன்ஸ் அப்படித்தான் எண் போடும். ஆக, அது சல்லடையில் தப்பிய இரட்டையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கணக்கைச் சரிபாருங்கள். இரண்டாம் சல்லடையில் 430 போனது என்றால், 10,300 - 1,850 - 430 = 8,020. வியூ மெனுவில் ஸ்டேட்டஸ் பாரைப் போட்டால் எண் கீழே தெரியும். குறைந்தால் ஐடியூன்ஸ் ஏற்காத வகைக் கோப்பு எதையாவது விட்டிருக்கும். கூடினால் ' 1' கோப்புகளை மறுபடி பாருங்கள்.

11. பிளேலிஸ்ட்

2ஆம் படியில் எடுத்த எம்3யூ8 கோப்பை நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு பாட்டின் பழைய முகவரியும் வரிவரியாக இருக்கும். 'ரீபிளேஸ்' கொடுத்து பழைய கணினியின் ஃபோல்டர் பாதையைப் புதியதாக மாற்றி, யூடிஎஃப்-8 ஆகவே சேமித்து, 'இம்போர்ட் பிளேலிஸ்ட்' கொடுங்கள். கழிவுக்குப் போன பாட்டுகளும், டேக் மாற்றியதால் பெயர் மாறியவையும் அதில் விடுபடும். விடுபட்டவற்றைக் கையால்தான் இழுத்துப் போட வேண்டும். நோட்பேடை ஒரு பக்கமும் ஐடியூன்ஸை ஒரு பக்கமும் வைத்தால் சீக்கிரம் முடியும்.

12. எப்போது நீக்கலாம்

கழிவு ஃபோல்டரை ஒரு மாதம் வைத்திருங்கள். காணாமல் போன பாட்டு, கேட்கத் தோன்றும் நாளில்தான் தெரியும். 'தாய் பாதுகாப்பு', 'வரவு பாதுகாப்பு' இரண்டையும் அதற்குப் பிறகு நீக்கிவிட்டு, சேர்த்து முடித்த தொகுப்பை அதே டிஸ்க்கில் காப்பி எடுங்கள்.

பழைய கணினியை விற்பதாகவோ யாருக்காவது கொடுப்பதாகவோ இருந்தால், அதில் ஐடியூன்ஸைத் திறந்து அக்கவுண்ட், ஆத்தரைசேஷன்ஸ் என்று போய் 'டீஆத்தரைஸ்' கொடுங்கள். ஒரு கணக்குக்கு 5 கணினிதான் அனுமதி. கொடுத்துவிட்ட கணினி அதில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.